அளக்கப் போய் மயங்கியவள்

முதல் வேலையில் சொதப்பாதவர்கள் யார்? ஆனால் அளக்கப் போன காற்றாலேயே மயங்கி விழுந்து, அதே காற்று நன்றாக இருக்கிறது என்று அறிக்கையும் கொடுத்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

கோவையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிது. மலைமேல் கட்டபெட்டு பக்கம் தோல் பை செய்யும் சின்னத் தொழிற்கூடத்துக்கு என்னைத் தனியாக அனுப்பினார்கள். அங்கே எட்டுப் பெண்கள் நாள் முழுக்கப் பசை தடவுகிறார்கள். சாயங்காலமானால் எட்டுப் பேருக்கும் தலைவலி. பசையிலிருந்து கிளம்பும் ஆவி அவர்கள் மூச்சில் எவ்வளவு போகிறது என்று நான் அளக்க வேண்டும். முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“அளவு மீறியிருந்தா எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிர்றனுங்க. இல்லீன்னா இந்தத் தலவலிப் பேச்ச இத்தோட விட்ரோணும்.”

பெண்களில் மூத்தவர் ஸ்டெல்லா அக்கா. அவர் இடுப்பில் சின்ன பம்பை மாட்டி, காற்றை உறிஞ்சும் குழாயை ஸ்வெட்டர் கழுத்தில் குத்தினேன். வெளியே மூடுபனி. ஈரம் வந்தால் பசை சரியாகப் பிடிக்காது என்று சன்னல்களை இறுகச் சாத்தியிருந்தார்கள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எதிரே இருந்த தையல் மெஷின் இரண்டாகத் தெரிந்தது. அப்படியே தோல் கட்டின் மேல் சரிந்தேன்.

“ஏனுங்க மேடம், காலைல ஒண்ணும் சாப்புடலீங்களா?” என்று ஸ்டெல்லா அக்கா தாங்கிப் பிடித்தார். “ஏ மேரி, சன்னலயெல்லாம் தொறந்து உடு. கண்ணு, இப்படி வந்து காத்தோட்டமா உக்காரு.” மேடமாக இருந்த நான் கண்ணு ஆகிவிட்டேன்.

சாயங்காலம் வரை சன்னல்களை அவர்கள் சாத்தவே இல்லை. வந்த பிள்ளைக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று எட்டுப் பேரும் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வெடவெடத்தபடி பசை தடவினார்கள். நான் சன்னலோரம் உட்கார்ந்து மூன்று டீ குடித்தேன். படிவத்தில் ‘சன்னல்கள்’ என்ற கட்டத்தில் ‘திறந்துள்ளன’ என்று அழகாக எழுதினேன். யாருக்காகத் திறந்தார்கள் என்று எழுத அதில் கட்டம் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அளவு வரம்புக்குள் இருப்பதாக முடிவு வந்தது. முதலாளி சந்தோஷத்தில் எங்கள் ஆபீசுக்கு டீத்தூள் அனுப்பினார். நானும் குடித்தேன்.

ஒரு வாரம் கழித்து ஸ்டெல்லா அக்கா போன் செய்தார்.

“அன்னைக்கு ஒரு நாள்தான் கண்ணு எங்களுக்குத் தலவலி இல்ல. மறுநாளு சன்னலச் சாத்துனோம், வந்துருச்சு. நீ வாரத்துக்கு ஒருக்கா வந்து மயங்கி உழுந்தா நல்லாருக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது.

எங்கள் மேலாளரிடம் சன்னல் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். “மொதலாளிகிட்ட நீயே போய்ச் சொல்லு” என்றார். மலையேறிப் போய்ச் சொன்னேன்.

“அப்ப நீங்க அளந்தது உங்களுக்காக வந்த காத்தையா?” என்று கேட்டார் முதலாளி. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? நல்லவேளை, மறுபடி அளக்கச் சம்மதித்தார்.

இந்த முறை சன்னல்கள் சாத்தியே இருந்தன. நான் வெளியே தூறலில் குடை பிடித்துக்கொண்டு, நாள் முழுக்கத் திருடி மாதிரி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அளவு மீறியிருந்தது. அந்த மாதமே ஃபேன் வந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆலைகளில் அளந்துவிட்டேன், பதவி உயர்வும் வாங்கிவிட்டேன். ஆனாலும் உங்கள் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அம்மா இந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு இப்படித்தான் முடிக்கிறார்:

“போன எடத்துல இவ உருப்படியாச் செஞ்சது, அந்த மயங்கி உழுந்தது ஒண்ணுதானுங்க.”