மெத்தை அமுக்கிப் பார்ப்போர்

நம்மிடையே ஒரு வகையினர் உண்டு. தமக்கென ஒரு மெத்தை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் ஊரில் எவர் மெத்தை வாங்கப் புறப்பட்டாலும் கூடவே புறப்படுவார்கள். இவர்களை அமுக்கிப் பார்ப்போர் என்று அழைக்கலாம். பலாப்பழம் முதல் மாப்பிள்ளை வரை எதையும் இவர்கள் பரிசோதிப்பார்கள் எனினும், இவர்களது திறமை முழுமையாக வெளிப்படும் இடம் ஃபோம் மெத்தைக் கடையே.

நான் எவர்மீதும் குற்றஞ்சாட்ட வரவில்லை. திகதிகளை மட்டும் தருகிறேன். ஆதாரங்கள் என் கைவசம் உள்ளன.

14.2.1986 அன்று தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வைத்தியர் ஒரு துண்டு எழுதித் தந்தார். என் மனைவி பராசக்தியின் முதுகெலும்பு நரம்பொன்றை நெரிக்கிறது. நடுவில் குழி விழுந்த பழைய பஞ்சு மெத்தையில் அவள் இனிப் படுக்கக்கூடாது. இறுக்கமான ஃபோம் மெத்தை உடனே தேவை. ‘உடனே’ என்ற சொல்லின் கீழ் அவர் இரண்டு கோடுகள் இட்டிருக்கிறார். மெத்தை வரும்வரை பராசக்தி விறாந்தையில் கிடந்த மர வாங்கில், வெறும் பலகையில், படுத்தாள்.

மறுநாட் காலையில் சண்டிலிப்பாய்ச் சந்தியில் நான் பஸ்ஸுக்கு நின்றபோது, இளைப்பாறிய கிளாக்கர் கனகசபாபதி அண்ணை என்னைக் கண்டுவிட்டார்.

“எங்கை தம்பி, வெள்ளனவாய்?”

“பட்டினத்துக்கு அண்ணை. மெத்தை ஒண்டு எடுக்க.”

“தனியவோ? உம்மை ஏமாத்திப்போடுவாங்கள். பொறும், சேட்டைப் போட்டுக்கொண்டு வாறன்.”

அவர் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பஸ் போய்விட்டது.

அமுக்கிப் பார்ப்பவர் ஒருவர் தொழில் செய்வதை நீங்கள் அருகிலிருந்து கண்டதுண்டா? சேட்டுக் கையை மடித்து, மணிக்கூட்டைக் கழற்றி உங்களிடம் ஒப்படைத்து, முட்டியை மெத்தைக்குள் ஆழ இறக்கி, சட்டென்று எடுத்து, குழி மேலெழும் வரை உதடசையாமல் எண்ணி, மூலையை முகர்ந்து, தையலை நகத்தால் நெருடி, இறுதியில் தலையை ஆட்டுவார். எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும்.

“இது பிட்டு. மூண்டு மாசத்திலை உதிரும்,” என்றார் அண்ணை.

கடைக்காரர் செபநாயகம் பொறுமைசாலி. “அப்ப இதைப் பாருங்கோ ஐயா. நல்ல இறுக்கம்.”

“இறுக்கத்துக்கு இவர் வீட்டிலை வாங்கு கிடக்குது!”

வெறுங்கையுடன் திரும்பினோம். பஸ்ஸில் அண்ணை எனக்கு விதி ஒன்றைக் கற்பித்தார். தடிப்பு கண்ணை ஏமாற்றும், பாரம் ஏமாற்றாது, ஒரே அளவான மெத்தைகளில் எது பாரமோ அதுவே நீடித்து உழைக்கும். ஆகவே, இரண்டாம் பயணத்தில் புகையிலை நிறுக்கும் தராசு ஒன்றையும் பஸ்ஸில் ஏற்றினோம். கொண்டக்டர் தராசுக்கும் ஒரு ரிக்கற் கிழித்தார். அதுவும் என்னிடம் உண்டு.

கடையிலிருந்த மெத்தைகள் அனைத்தும் நிறுக்கப்பட்டு, மிகப் பாரமானது கண்டுபிடிக்கப்பட்டது. நான் மகிழ்ந்தேன். அண்ணை மகிழவில்லை.

“பாரம் கூடிப்போச்சு தம்பி. சுண்ணாம்புத்தூள் கலந்திருக்கிறாங்கள்.”

மூன்றாம் பயணத்தில், கொழும்பிலிருந்து வரவிருக்கும் அடுத்த லொறிக்குக் காத்திருப்பதென்று முடிவாயிற்று. எந்த லொறி, எப்போது வரும் என்பதை யுத்தம் நடக்கும் இந்நாட்களில் எவரால் சொல்ல முடியும்? நாங்கள் காத்திருந்தோம். பராசக்தியின் இடது காலில் விறைப்புத் தொடங்கியது. 26.3.1986 திகதியிட்ட துண்டில் வைத்தியர் இரண்டே வரிகள் எழுதினார்: ‘மெத்தை எங்கே? இனியும் தாமதித்தால் கால் வழங்காமற் போகலாம்.’

அதை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

“டொக்டர்மாருக்கு மெத்தையைப் பற்றி என்ன தெரியும்?” என்றார்.

இதை வாங்கிலிருந்தபடி பராசக்தி கேட்டாள். மறுநாள் வைத்தியரின் இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டு, “இண்டைக்கு நானும் வாறன்,” என்றாள். அவளைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றினேன்.

கடையில் அண்ணை சேட்டுக் கையை மடித்துக்கொண்டிருந்தார். பராசக்தி செருப்பைக் கழற்றினாள். முதற் பயணத்திலேயே அண்ணை வேண்டாமென்று ஒதுக்கிய அந்த இறுக்கமான மெத்தையில் ஏறினாள். நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாள்.

கடையிலிருந்தோர் அனைவரும் திரும்பிப் பார்த்தனர். நம்மூரில் பெண்கள் கடையில் படுப்பதில்லை. ஆண்களும் படுப்பதில்லை, அது மரியாதையன்று. மூன்று பயணங்களில் மெத்தையைக் குத்தியும் முகர்ந்தும் நிறுத்தும் பார்த்த நாங்கள், மெத்தை படுப்பதற்கான பொருள் என்பதை ஒருமுறையேனும் கருத்திலெடுத்தோமில்லை.

“எழும்பு பிள்ளை, சனம் பாக்குது!” என்றார் அண்ணை.

“பாக்கட்டும் அண்ணை. நீங்கள் எண்ணுங்கோ.”

அவ்வேளை இராணுவம் இருக்கும் கோட்டைப் பக்கமிருந்து பெருஞ்சத்தம் ஒன்று கேட்டது. சற்று அண்மையில் மற்றொன்று. செபநாயகம் கதவைப் பாதி இழுத்தார். அண்ணை மேசைக்குக் கீழே போனார். நான் எங்கே போனேன் என்பதை இங்கு எழுதவேண்டிய அவசியமில்லை.

“அக்கா, ஷெல்லடிக்கிறாங்கள்! இறங்குங்கோ!” என்று கத்தினார் செபநாயகம்.

“நான் இறங்கமாட்டன் தம்பி. ஆறு கிழமைக்குப் பிறகு இப்பதான் முதுகு நோ குறையுது,” என்றாள் பராசக்தி, கண்ணை மூடியபடி. “சத்தம் ஓய்ஞ்சாப்போலை இதையே கட்டித் தாங்கோ.”

சத்தம் ஓய்ந்ததும் கட்டித் தந்தார்கள். மெத்தை வீட்டுக்கு வந்து நான்கு மாதங்களாகின்றன. அண்ணை ஞாயிறுதோறும் வருகிறார். பராசக்தி படுத்திருப்பதால் ஓரத்தை மட்டும் அமுக்கிப் பார்த்து, “கெதியிலை பதியும்,” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போகிறார்.

வாசகர்களே, நீங்கள் இந்த வகையினர் அல்லர் என்று சொல்வீர்கள். நம்புகிறேன். ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். என்ன தடிப்பு, எந்தக் கொம்பனி, இப்போதும் அங்கே கிடைக்குமா என்று கேட்பதற்கு உங்களிற் பலர் வாயெடுத்துவிட்டீர்கள். பராசக்தியின் கால் என்னவாயிற்று என்று இன்னும் எவரும் கேட்கவில்லை.

கால் சுகம். தடிப்பைச் சொல்லமாட்டேன்.