என் கைப்பட இடித்த உப்பு

கையில் மது நிறைந்த கொம்பு இருக்கும்போது ஒரு ஆண்பிள்ளை வாயைத் திறக்கவே கூடாது. குடிக்க வேண்டுமானால் திறக்கலாம். பேசத் திறந்தால் என் கதிதான்.

என் பெயர் மூர்தாஸ். மெஸ்தியா என்கிற மலையூரில் எங்கள் தெருவில் கல்யாணமா, பிறந்தநாளா, கூரை மாற்றினார்களா, பசு கன்று போட்டதா, எதற்கு விருந்து வைத்தாலும் மேசைத் தலைமாட்டில் உட்காருகிற தமதா நான்தான். பதினெட்டு வருடமாக நான்தான். நான் எழுந்து வாழ்த்துச் சொல்லாமல் எவனும் ஒரு சொட்டு தொண்டையில் இறக்க முடியாது. அந்த நாற்காலியைத் தவிர எனக்கு என்ன இருக்கிறது? ஒரு பசு இருக்கிறது. அதுவும் லமாரா பேச்சைத்தான் கேட்கும். லமாரா என் மனைவி.

வருகிற செப்டம்பரில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். முந்நூறு விருந்தாளிகள். புறப்படும்போது ஆளுக்கொரு சின்னத் துணிப்பையில் வீட்டு உப்புக் கொடுத்தாக வேண்டும். வெறும் உப்பு இல்லை. பூண்டு, சிவப்பு மிளகாய், கொத்தமல்லி விதை, சதகுப்பை, மலை வெந்தயம், உலர்ந்த செண்டுமல்லிப் பூ, மேட்டுப் புல்வெளியில் தானாக முளைக்கிற சீரகம், எல்லாவற்றையும் கல்லுப்போடு சேர்த்து உரலில் இடித்த உப்பு. கறிக்கும் அதுதான், உருளைக்கிழங்குக்கும் அதுதான், தக்காளியில் தூவவும் அதுதான். வீட்டுக்கு வீடு பக்குவம் வேறு. ஒரு வீட்டின் மானமே அந்த ஜாடிக்குள்தான்.

ஜூன் மாதம் ஒருநாள் லமாரா உரலைவிட்டு எழுந்தாள்.

"மனுஷா, தோள்பட்டை கழண்டு விழுந்துடும் போல இருக்கு. நீ கொஞ்சம் இடிச்சுத் தாயேன்."

"நானா? நான் தமதா. இது கொம்பு பிடிக்கற கை."

"கொம்பு பிடிக்கற கைக்கு உலக்கை கனக்குமோ?"

"கனம் இல்ல விஷயம். மானம்."

"அப்போ மானத்தைக் கொஞ்ச நேரம் ஓரமா இறக்கி வெச்சுட்டு வா."

நான் ஒரு முக்கியமான வேலை ஞாபகம் வந்தவனாக வெளியே போய்விட்டேன். வேலை எதுவும் இல்லை. வேலியோரமாக நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு ஜான்சுக் வீட்டில் விருந்து. பெண்களை வாழ்த்துகிற கொம்பு வந்தது. நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். அழகு என்றேன், பொறுமை என்றேன். நாலு பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

"ஆனா ஒண்ணு சொல்றேன். நம்ம வீட்டுப் பெண்கள் இந்த உப்புக்காகப் படுத்தற பாடு இருக்கே! அதுல என்ன வித்தை? போடறது, இடிக்கிறது. உப்புப் பெறாத விஷயம்! ஒரு ஆம்பளை உலக்கையைத் தொட்டான்னா ஊரே மூக்கு மேல விரல் வெக்கும்!"

ஜான்சுக் மேசைக்கடியில் என் காலை நறுக்கென்று மிதித்தான். தெரியாமல் மிதித்துவிட்டான் என்று நினைத்துக் காலை மடக்கிக்கொண்டேன்.

"அப்படியா?" மேசையின் அந்தக் கோடியிலிருந்து லமாராவின் குரல். "அப்போ இடிச்சுக் காட்டறது."

"காட்டறேன். வர ஞாயித்துக்கிழமை என் வீட்டுல விருந்து. உன் கிண்ணமும் என் கிண்ணமும் பக்கத்துப் பக்கத்துல. எது முதல்ல காலியாகுதோ அது ஜெயிச்சுது. நான் தோத்தா இந்த நாற்காலி உனக்கு!"

சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்துக் கொம்பைக் கவிழ்த்தேன். கொம்பு கவிழ்ந்த பிறகு எங்கள் பக்கத்தில் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. எடுத்தவன் அப்புறம் எந்த மேசையிலும் எழுந்து நிற்க முடியாது. ஜான்சுக் தலையில் கைவைத்துக்கொண்டான். அவன் மனைவி சியூரி லமாராவின் தட்டில் ஒரு துண்டு குப்தாரியை அன்போடு வைத்தாள். கறி திணித்த ரொட்டியை அவ்வளவு சந்தோஷமாக ஒருவருக்கு ஒருவர் பரிமாறி நான் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை இடித்தேன். ஒரு கூடைப் பூண்டை உரித்த கையோடு அப்படியே போட்டேன். இரண்டு கை மிளகாய் போட்டேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உறைக்கவில்லை. இன்னும் இரண்டு கை போட்டேன். உறைத்தது. கண்ணைக் கசக்கினேன். கசக்கியிருக்கக் கூடாது. மாட்டுத் தொட்டியில் தலையை முக்கிக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் மூன்று வீட்டு நாய்கள் பதில் சொல்லின. கண் திறந்து பார்த்தால் உரலுக்குள் பிசுபிசுவென்று ஏதோ பழுப்பாக இருந்தது. எங்கள் பசு உப்பென்றால் சுவரைக்கூட நக்கும். அது வந்தது, மோந்தது, என் முகத்தை ஒருமுறை பார்த்தது, ஜான்சுக் தோட்டத்தைப் பார்த்து நடந்துவிட்டது.

போயிற்றா என் நாற்காலி? லமாரா தலைமாட்டில் உட்கார்ந்து வாழ்த்துச் சொல்ல, நான் அவள் அனுமதிக்காகக் கொம்போடு காத்திருக்க வேண்டுமா?

சனிக்கிழமை காலை லமாரா ஒரு பச்சை ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வாய் கொஞ்சம் உடைந்த ஜாடி.

"என் உப்பு தயார்," என்றாள். "உன்னது?"

"பிரமாதம். வாசனை தெருக்கோடி வரைக்கும் அடிக்குது."

"ஆமா, பசு சொல்லிச்சு. நான் சியூரி வீட்டுக்குப் போறேன். வர ரெண்டு மணி நேரம் ஆகும். முழுசா ரெண்டு மணி நேரம்."

"போயிட்டு வா."

"சாவி கழுத்துல உறுத்துது. ஆணியில மாட்டிட்டுப் போறேன். வாசல் பக்கத்து ஆணி. இடது பக்கம்."

இருபத்தாறு வருடமாக அந்தச் சாவி அவள் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை. குளிக்கும்போதுகூட. எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடவுள் கண்ணைத் திறந்தார் என்றுதான் நினைத்தேன். ஐந்தே நிமிடம். அவள் உப்பு என் கிண்ணத்தில், என் பிசுபிசுப்பு அவள் ஜாடியில், சாவி ஆணியில். இடது பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே எங்கள் மேசையில். இரண்டு கிண்ணமும் நடுவில். முதல் ஆள் தக்காளியை லமாரா கிண்ணத்தில் தொட்டுக் கடித்தான். முகம் கோணி, துணியை வாயில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். அடுத்தவன் என் கிண்ணத்தில் தொட்டான். கண்ணை மூடினான். "அடடா!" என்றான். அவ்வளவுதான். பத்துக் கை என் கிண்ணத்துக்குள் பாய்ந்தது. உருளைக்கிழங்கு தீருவதற்கு முன்னால் என் உப்புத் தீர்ந்தது. கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தார்கள்.

ஜான்சுக் மட்டும் ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்துவிட்டு என்னையே பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. காரம் என்று நினைத்தேன்.

லமாரா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பாவம், என் அழுக்கை அவள் தலையில் போட்டுவிட்டேன். பெருந்தன்மையாக ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. எழுந்தேன். தோற்றாலும் லமாரா மாதிரி ஒரு பெண் உண்டா என்று வாழ்த்தினேன். பிறகு, "அலவெர்தி, லமாரா!" என்று கொம்பை அவளிடம் நீட்டினேன். அலவெர்தி சொல்லி யாரிடம் கொம்பை நீட்டுகிறோமோ அவர்கள் தமதாவின் வாழ்த்தைத் தொடரலாம். எவ்வளவு வேண்டுமானாலும் தொடரலாம். நடுவில் யாரும் தடுக்க முடியாது, தமதா உட்பட.

லமாரா எழுந்தாள். கொம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நான் தோத்துட்டேன், ஒத்துக்கறேன். இப்படிப்பட்ட கை இருக்கற வீட்டுல என் கை உலக்கையைத் தொடறது பாவம். இன்னியோட தொடமாட்டேன். எங்க பொண்ணு கல்யாணத்துக்கு முந்நூறு பை உப்பும் இவர்தான் இடிக்கப் போறார். அப்புறமும் இந்த வீட்டு உப்பு இவர் கையாலதான். என் புருஷனோட கைக்கு!"

கடகடவென்று குடித்துக் கொம்பைக் கவிழ்த்தாள். தெருவே எழுந்து குடித்துக் கவிழ்த்தது. சியூரி இரண்டு முறை கவிழ்த்தாள்.

என்ன சொல்ல? அது என் உப்பில்லை, திருடிய உப்பு என்றா? நாற்காலியும் போகும், மானமும் போகும். பிசாசு அடித்தவன் மாதிரி நின்றேன். எல்லோரும் அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"லமாரா, பூண்டு எவ்வளவு போடணும்?"

"என்னைக் கேட்டா? ஜெயிச்சது நீ."

"சும்மா, நீ எவ்வளவு போடுவேன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"தோத்தவ கணக்கு உனக்கு எதுக்கு மனுஷா?"

வேறு வழியில்லாமல் ஜான்சுக்கிடம் ஓடினேன். சியூரியிடம் இரகசியமாகக் கேட்டுச் சொல்வான் என்று. வீட்டில் இல்லை. மாட்டுக்கொட்டகைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே தும் தும் என்று சத்தம். இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஜான்சுக் முழங்காலிட்டு உரலில் இடித்துக்கொண்டிருந்தான்! என்ன லாவகம்! ஒரு விதைகூட வெளியே தெறிக்கவில்லை.

"டேய்! நீயா?"

"கத்தாதே. உள்ள வா. தாழ்ப்பாளைப் போடு."

"எத்தனை நாளா?"

"ஏழு வருஷமா."

"எப்படிடா?"

"உன்னை மாதிரியேதான். பெண்கள் கொம்புல வாயை விட்டேன்."

"சியூரியும் சாவியை ஆணியில மாட்டினாளா?"

"ஜன்னல் மேல வெச்சா. நான் கொஞ்சம் குள்ளம், அதனால கீழே ஒரு முக்காலியும் போட்டு வெச்சா."

"பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"காலை மிதிச்சேனே! நல்லா மிதிச்சேன்."

நான் வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அவன் பக்கத்தில் வரிசையாக இருந்த பச்சை ஜாடிகளைப் பார்த்தேன். அதே பச்சை.

"ஜான்சுக், வாய் உடைஞ்ச ஜாடி ஒண்ணு..."

"அதுவா? போன வாரம் சியூரி உன் வீட்டுக்குக் கொடுத்தா. லமாராவுக்குத் தோள்வலி, பாவம்னு. நேத்து நாக்குல வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு, என் உப்புன்னு. உன்னை நினைச்சு அழுகையே வந்துடுச்சு."

ஆக, ஆண்பிள்ளை இடித்தால் ஊரே மூக்கின்மேல் விரல் வைக்கும் என்று நான் சொன்னது சத்தியமான வார்த்தை. அதை நான் யாரிடமும் சொல்ல முடியாது.

மத்தியானம் வரை ஜான்சுக் கற்றுக்கொடுத்தான். பூண்டை முதலில் உலர்த்த வேண்டுமாம். மிளகாய் தொட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாதாம். கை இரண்டும் கொப்பளித்து வீடு திரும்பினேன். வராந்தாவில் லமாராவும் சியூரியும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். லமாராவின் தோள்பட்டை நன்றாக இருந்தது. சிரிப்பில் அது குலுங்கியதை நானே பார்த்தேன்.

அவள் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும், மனுஷா. நீ இடிச்சதை நீயே திருட மாட்டேல்ல?"