மேற்குச் சுவரில் இரண்டு கிளிகள்

குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவளுக்கு ஒரு வியாதி வரும். புத்தகத்தில் பார்த்ததை வீட்டில் நடத்திக் காட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. எனக்கு அது முற்றியது தொண்ணூறுகளில், கெம்பஸிலிருந்து விடுமுறைக்குக் கல்முனை வந்தபோது.

நூலகத்தில் பழைய பிரெஞ்சுத் தளபாடங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் பார்த்திருந்தேன். வெவ்வேறு நிற மரங்களை மெல்லிசாகச் சீவி, பூவும் பறவையுமாக அறுத்து, அலுமாரிக் கதவில் சித்திரமாக ஒட்டியிருந்தார்கள் அந்த நாட்டுத் தச்சர்கள். ஓரங்களைச் சூடான மணலில் செருகிக் கருக்கி நிழல் கொடுத்திருந்தார்கள். அதற்குச் சாயம் ஒரு துளியும் இல்லை.

எனக்கு மூத்தவள், ராத்தாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அவளுடைய அலுமாரி அப்படித்தான் வரவேண்டும் என்று நின்றேன். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பு ஓடாவியாரிடம் (எங்கள் பக்கம் தச்சரை அப்படித்தான் சொல்வோம்) விசயத்தைச் சொன்னதும் அவருக்குக் கண் விரிந்தது.

"ரெண்டு கிளி போடுவமா தங்கச்சி? கலியாண வீடுதானே, சோடியா இருக்கட்டும்."

"ஓம், போடுங்க."

கடற்கரை மணலைச் சட்டியில் வறுத்து, இறகு இறகாகக் கருக்கினார். உடம்புக்குப் பலா, வாலுக்கு முதிரை, கண்ணுக்குக் கருங்காலி. உம்மா மட்டும் "கிளியா?" என்று இழுத்தார். "படிச்ச புள்ள பாத்துத்தான் செய்வாள்" என்று வாப்பா அடக்கிவிட்டார்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே அவருடைய உம்மா முன்கூட்டியே வீடு பார்க்க வந்தார். பின்நேர அஸர் தொழுகை நேரம். மணமக்களின் அறையிலேயே பாயை விரித்தார். தொழும் திசையான கிப்லா எங்களுக்கு மேற்கு. அலுமாரியும் மேற்குச் சுவரில்.

"மகள், நான் இந்தக் கிளியளுக்கா நெத்திய நிலத்தில வெச்சு சுஜூது செய்யப்போறன்?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "மாமி, இது பிரான்ஸ் அரசன்ட மாளிகையில இருக்கிற வேலை" என்றேன்.

"அந்த அரசன் தொழுற ஆளா?"



மாமி பாயைச் சுருட்டினார். "உசிருள்ளதுட உருவம் வைக்கிறது ஹராம், அது இருக்கிற வீட்டுக்கு என்ட மகன எப்பிடி அனுப்புற?"

வாப்பா என்னைப் பார்க்கவே இல்லை. எப்படி அறுப்பது, எப்படி ஒட்டுவது என்றெல்லாம் சொன்ன புத்தகம், யாருடைய வீட்டுக்கு என்று மட்டும் சொல்லியிருக்கவில்லை. அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கதவுக்குப் பின்னால் நின்ற ராத்தா குசினிக்குப் போய் மீன் வெட்டும் கத்தியோடு வந்தாள். தனித்தனித் துண்டாக ஒட்டியதுதானே, இரண்டு தலைகளும் சுலபமாகக் கழன்று விழுந்தன.

"தலை இல்லாட்டி உருவம் இல்லத்தானே மாமி?"

மாமி கதவைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு பாயை விரித்தார்.

கலியாணத்துக்கு வந்த ஓடாவியார் அலுமாரி முன்னால் குனிந்து, தலைகள் இருந்த இடத்தை விரலால் தடவினார். கருக்கிய இறகுகள் எல்லாம் அப்படியே இருந்தன.

"பிரான்சில இப்பிடித் தலை இல்லாமத்தான் விடுறவங்களா தங்கச்சி?"

"ஓம்" என்றேன்.

நம்பினாரோ, என்மேல் இரக்கப்பட்டாரோ தெரியாது. பிறகொரு முறை ராத்தாவும் நானும் சம்மாந்துறைக் கலியாண வீடொன்றில் ஒரு புது அலுமாரி பார்த்தோம். கதவில், அதே கருக்கிய இறகுகளோடு, தலையில்லாத இரண்டு மயில்கள். "இது பிரெஞ்சு மொடல்" என்றார் வீட்டுக்காரி, பெருமையாக.

ராத்தா என் காதருகே குனிந்தாள். "படிச்சவள் சொன்னா ஊரே கேக்கும் புள்ள."

எங்கள் வீட்டில் நான் எதற்கு வாய் திறந்தாலும் இன்றுவரை அதுதான் பதில்.