பஞ்சு வைத்த வாயும் உன் அண்ணியின் முதல் ஒப்பந்தமும்

அன்புக்கும் ஆசிக்கும் என்றும் உரிய தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். என் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் போன செவ்வாய்க்கிழமையோடு குடும்பத்தை விட்டுப் பிரிந்தது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அவரவர் பற்களோடு நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன கடிதத்தில், “ஐம்பத்திரண்டு வயசுல அண்ணிக்கு எதுக்கு இந்த அலைச்சல், பேசாம வீட்ல இருக்கச் சொல்லு” என்று எழுதியிருந்தாய். அதை அவளிடம் சொல்லத் தைரியம் வராததால்தான் பதில் போடத் தாமதம். இப்போது சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

உன் அண்ணி இருபத்தாறு வருஷம் கம்பெனியில் என்ன வேலை பார்த்தாள் என்று எனக்கே போன வருஷம்தான் சரியாகப் புரிந்தது. மற்றவர்கள் எழுதிய மென்பொருளை வெளியே விடுவதற்கு முன்னால், அதை எப்படியெல்லாம் கெடுக்க முடியும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. டெஸ்டிங் என்பார்கள். பெயர் கேட்கும் இடத்தில் எண்ணைப் போடுவாள், எண் கேட்கும் இடத்தில் ஒன்றும் போடாமல் விடுவாள், ‘சரி’ என்ற பொத்தானைப் பத்துத் தடவை அழுத்துவாள். சம்பளம் கொடுத்து ஒருவரை இப்படிச் செய்யச் சொல்வார்களா என்று நான் கேட்டதற்கு, “நீங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட அன்னிலேர்ந்து சம்பளம் இல்லாமலே இதைத்தானே எங்கிட்ட செய்றீங்க” என்றாள். அந்தப் பிரிவையே கம்பெனி மூடியதும், இனி யாருக்கும் கீழே போவதில்லை, தனியாகவே ஒப்பந்தம் பிடித்துச் செய்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். கிளம்பினாள் என்றால் எங்கும் போகவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் சின்ன அறையில் ஒரு மேஜையைப் போட்டு, காலை ஒன்பது மணிக்குத் தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, அலுவலகத்துக்குப் போவதுபோலவே அந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சமையலறையிலிருந்து ஏழடி தூரம். ஒரு நாள்கூட ஒன்பது ஐந்துக்குப் போனதில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. அங்கேதான் வினை. முதல் மாதத்தில் ஒரு கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் அவளோடு வீடியோவில் பேச ஒத்துக்கொண்டார்கள். அவள் தொண்டை காய்ந்துபோகுமே என்று டீ போட்டு எடுத்துப் போனேன். நான் பனியனோடு இருந்ததால் கேமராவில் விழக்கூடாது என்று தரையோடு தரையாகத் தவழ்ந்து, மேஜைக்குப் பக்கத்தில் போய், கையை மட்டும் டம்ளரோடு மேலே நீட்டினேன். எதிரில் இருந்தவர்கள் பார்த்தது, பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியின் தோளுக்குப் பக்கத்தில் தானாக எழும்பும் ஒரு ரோமக் கையை. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உன் அண்ணி அசையாமல் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, “நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன்” என்று தொடர்ந்தாளே, அந்த நெஞ்சுரம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. ஆனால் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அடுத்தது, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது, நான் எடுத்தேன். செருப்புக் கம்பெனி மேலாளராம், தங்கள் இணைய விற்பனைத் தளத்தில் ஏதோ சிக்கல், அம்மாவிடம் பேச வேண்டும் என்றார். நான் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் போன் எடுத்தவன் என்பது உனக்குத் தெரியும். ‘சிக்கல்’ என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் தன்பாட்டுக்கு, “உங்க புகார் பதிவு செய்யப்பட்டது, ஏழு வேலை நாளுக்குள்ள ஆள் வருவாங்க” என்று சொல்லி வைத்தும் விட்டது. அவர் மறுபடி கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. போனை எங்கே போனாலும் கையோடு எடுத்துப் போகத் தொடங்கினாள், அவ்வளவுதான்.

விண்ணப்பங்களைப் பற்றிக் கேள். நாற்பதுக்கு மேல் போட்டாள். ஒருவர் வயதைக் கேட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். இன்னொருவர், திறமையைப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் சும்மா செய்து காட்டுங்கள் என்றார். செய்து காட்டினால்தான் என்ன என்று நான் கேட்டேன். “சும்மா செஞ்சா அதுக்குப் பேரு வேலை இல்லைங்க” என்று ஒரே வரியில் அவருக்கு மறுப்பு எழுதி அனுப்பினாள். வேலை தேடும் இணையத் தளம் ஒன்றில் ‘எத்தனை வருஷ அனுபவம்’ என்ற கட்டத்தில் இருபதுக்கு மேல் போட்டால் ஏற்கவில்லை. நானாக இருந்தால் பத்தொன்பது என்று போட்டுவிட்டுப் போவேன். இவள் அந்தத் தளத்தை நடத்துகிறவர்களுக்கு, இங்கே இப்படி ஒரு தவறு இருக்கிறது, இப்படிச் சரிசெய்யலாம் என்று மரியாதையாக எழுதினாள். அவர்கள் நன்றி சொல்லிச் சரிசெய்தார்கள். வேலை தரவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் கதவு லேசாகத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தால் திரை இருட்டாக இருக்கிறது, இவள் மடியில் கை இரண்டையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். துவைக்கும் இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமலே, “இருபத்தாறு வருஷமா நான் கண்டுபிடிச்ச தப்பையெல்லாம் அவங்க சரி பண்ணிட்டாங்க. அதனாலதான் நான் தேவைப்படலையோ என்னவோ” என்றாள்.   உள்ளே போய்த் துணியை எடுத்து உதறி, அவளோடு சேர்ந்து மடித்துவிட்டு வந்தேன். மறுநாள் ஒன்பது மணிக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

இனிதான் பல் வருகிறது. கன்னம் வீங்கி இரண்டு நாள் தூக்கமில்லை. நான் பல் டாக்டரிடம் பயப்படுகிறவன் என்று சொல்லமாட்டேன், தேதியை இரண்டு தடவை போனிலேயே தள்ளிப்போட்டிருந்தேன், அவ்வளவே. செவ்வாய்க்கிழமை உன் அண்ணி கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பத்தரைக்கு வரச்சொல்லியிருந்தது. போய்ப் பார்த்தால் கூடத்தில் பதினொரு பேர், பதினொரு பேருக்கும் பத்தரை. நாற்காலி போதாமல் சிலர் சுவரில் சாய்ந்திருந்தார்கள். ஒருவர் கன்னத்தில் கைவைத்தபடியே சண்டை போட்டார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண், “கம்ப்யூட்டர்தாங்க குடுக்குது, நான் என்ன செய்யட்டும்” என்று கண் கலங்கி நின்றாள். உன் அண்ணி கொஞ்ச நேரம் எல்லோரையும் பார்த்தாள். பிறகு எழுந்து, ஏதோ கல்யாண வீட்டில் சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிற மாதிரி, ஒவ்வொருவரிடமும் போய், “நீங்க தேதியை மாத்தினீங்களா?” என்று கேட்டாள். பதினொன்றில் பத்துப் பேர் மாற்றியிருந்தார்கள், என்னையும் சேர்த்து. என் போனை வாங்கி, சோதித்துப் பார்க்க என் தேதியை வியாழக்கிழமை நாலு மணிக்கு மாற்றினாள். திரையில் வியாழன் வந்தது, நாலு வரவில்லை, பத்தரை என்று காட்டியது. தேதியை மாற்றுகிறவர்களை எல்லாம் அந்த மென்பொருள் நாளின் முதல் நேரத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது. சண்டை போட்டவர்கூட எட்டிப் பார்த்து, “அட” என்றார்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார். வாய் பாதி மரத்துக் கிடந்தது. அதற்குள் வரவேற்புப் பெண் ஓடிவந்து விஷயத்தைச் சொல்ல, டாக்டரம்மா உன் அண்ணியை உள்ளே அழைத்தார். “மூணு மாசமா அந்த மென்பொருள்காரங்ககிட்ட சொல்றேன், எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்கிறாங்க” என்றார். உன் அண்ணி என் பல் எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் எழுதியதை நீட்டினாள். பத்தரை மணித் தவறோடு இன்னும் ஐந்து, காத்திருந்த நேரத்தில் கண்டுபிடித்தவை. அதில் ஒன்று, ரத்து செய்தவர்களுக்கும் ‘இன்று மறக்காமல் வாருங்கள்’ என்று செய்தி போவது.

“எங்க வேலை பார்க்கிறீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா. இதுவரை இந்தக் கேள்விக்கு, முன்னாடி ஒரு கம்பெனியில இருந்தேன் என்றுதான் அவள் தொடங்குவாள்.

“தனியாத்தான் செய்றேன். இதைச் சரி பண்ண வச்சு, ஒவ்வொண்ணையும் சோதிச்சுத் தர்றது என் வேலை.”

எவ்வளவு ஆகும் என்று கேட்டார். தங்கச்சி, அந்த இடத்தில் நான் எழுந்து ‘உங்க இஷ்டம் டாக்டர், பார்த்துக் குடுங்க’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். வந்தது ‘ஆ’ என்று ஒரு சத்தமும் கொஞ்சம் எச்சிலும். “வாயை மூடுங்க சார், பஞ்சு விழுந்துடும்” என்றார் டாக்டரம்மா. உன் அண்ணி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சொன்னாள். நான் நினைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு. சொல்லிவிட்டு, அதைக் குறைக்கவோ விளக்கவோ இல்லை. பேசாமல் நின்றாள்.  அவ்வளவு நேரம் ஒருத்தியால் பேசாமல் இருக்க முடியும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

“எப்ப ஆரம்பிக்கலாம்?” என்றார் டாக்டரம்மா.

மூன்று மாத ஒப்பந்தம். மறுநாள் தாள் வந்தது. உன் அண்ணி படித்துப் பார்த்து, நாலாவது விதியும் ஒன்பதாவது விதியும் ஒன்றுக்கொன்று முரண் என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பி, திருத்திவந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வரும் வழியில், மரத்த வாயோடு நான் ஏதோ சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. அவளிடம் இவ்வளவுதான் சொன்னேன்: உன்னைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. வாய் சரியான பிறகு சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஆகவே, அண்ணியைப் பேசாமல் வீட்டில் இருக்கச் சொல்லும் யோசனையைத் திருப்பி எடுத்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி, இரண்டு வேளையும் பல் தேய்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் கடிதத்தை உன் அண்ணி வாங்கிப் படித்துவிட்டாள். ஒன்பது பிழையாம். எட்டு ஒற்றுப்பிழை, திருத்திவிட்டேன். ஒன்பதாவதைத் திருத்த முடியாது, கடிதத்தையே கிழிக்க வேண்டும். இது அவளுடைய முதல் ஒப்பந்தம் இல்லை, இரண்டாவதாம். முதலாவது, இருபது நாளைக்கு முன்பே ஒரு நூலகத்தோடு, நான் காலை நடை போயிருந்த நேரத்தில் பேசி முடித்துக் கையெழுத்தும் ஆகிவிட்டதாம். பாதி வேலையும் முடிந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லியிருந்தா நீங்க அவங்களுக்கு போன் போட்டு நன்றி சொல்லியிருப்பீங்க” என்றாள். அநியாயமான பேச்சு. நூலகத்தின் எண்ணைக் கேட்டிருக்கிறேன், நன்றி சொல்ல அல்ல, சும்மா நலம் விசாரிக்கத்தான். தரமாட்டேன் என்கிறாள். நீ கேட்டால் தருவாள், வாங்கி அனுப்பு.