பன்னெண்டு தென்னையும் ஒரு ஆட்டுக்கல்லும்

டீச்சர் என்கிட்ட கேட்டது ஒரே ஒரு நாள் வேலைதான். அவங்களுக்குச் சித்தூர்ல மீட்டிங். பாலவாடிப் பிள்ளைகளை மத்தியானம் வரைக்கும் நான் பார்த்துக்கணும்.

"பாட்டுச் சொல்லிக் குடு, உப்புமா குடு, ஊட்டுக்கு அனுப்பிடு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம் சாவித்திரி"ன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினாங்க.

அந்தக் கடைசிப் பேச்சை நான் சரியாகக் காதுல வாங்கலை.

பாலவாடி நடக்கறது எங்க தோப்புச் சாளையில. முன்னே தேங்காய் போட்டு வெச்சிருந்த இடம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வேற கட்டிடம் கிடைக்கலைன்னு பஞ்சாயத்து மெம்பர் வந்து கேட்டப்போ, என் மாமனார் சும்மாவே விட்டுக் கொடுத்தார்.

"தோப்புல ஒண்ணையும் தொடப்படாது. ஏதாவது வம்பு வந்துதுன்னா அன்னைக்கே சாளைக்குப் பூட்டுத்தான்"னு ஒரே பேச்சு.

பூட்டினா அடுத்த பாலவாடி ரெண்டு ஊர் தாண்டி. நாலு வயசுப் பிள்ளைகள் நடக்கற தூரம் இல்லை. என் பையன் சுந்தரனையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சுந்தரனுக்குச் சிலேட்டைக் கண்டா வயித்துவலி வரும். அன்னைக்கும் வந்தது. அவனைப் பார்த்துப் பக்கத்துல இருந்தவளுக்கு வந்தது. கொஞ்ச நேரத்துல பாலவாடியே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தை விளையாட்டாத்தான் காட்டணும்னு ட்ரெயினிங்ல சொன்னாங்களாம். டீச்சர் ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னது. அது எனக்கு அப்போதான் ஞாபகம் வரணுமா?

மூலையில, சாளைக்கு வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மிச்சம் இருந்தது, பூசற மட்டையோட. வெளியே தென்னை மரங்கள் வரிசையா நின்னுது, எழுதுடின்னு கூப்பிடற மாதிரி.

மரத்துக்கு ஒரு எழுத்து. அ-வுல ஆரம்பிச்சேன். ஔ எனக்கே கொஞ்சம் சந்தேகம், அதனால அதை ஓரத்து மரத்துக்குத் தள்ளினேன். பன்னெண்டோட வரிசை முடிஞ்சது. ஃ-க்கு மரம் இல்லை. கீழே கிடந்த பழைய ஆட்டுக்கல்லுல மூணு புள்ளி வெச்சேன்.

ஆட்டம் இதுதான்: நான் எழுத்தைச் சொல்லுவேன், பிள்ளைகள் ஓடிப்போய் அந்த மரத்தைக் கட்டிப் பிடிக்கணும்.

வயித்துவலி போன இடம் தெரியலை. "அம்மா, இன்னொருக்கா 'ஈ' சொல்லும்மா"ன்னு சுந்தரன் கெஞ்சறான். டீச்சரை அடுத்த வாரமும் மீட்டிங்குக்கு அனுப்பினா நல்லதுன்னு நினைச்சுக்கிட்டே ஊடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில பால் கறந்துட்டிருக்கேன். தோப்புக்குள்ள இருந்து டொக், டொக், டொக்.

கள்ளுக்காகத் தென்னம்பாளையைத் தட்டற சத்தம். எல்லைக்கு இந்தப் பக்கம் கள்ளுக்குத் தடை இல்லை, அதனால எங்க ஊர்ல எல்லாத் தோப்புலயும் கேட்கும், எங்க தோப்பைத் தவிர. கள்ளுக்கு மரம் விடறவன் ஊட்டுல பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேன்னு கல்யாணப் பந்தி தவறாம பேசறவர் என் மாமனார்.

கான்ட்ராக்டர் பேசி முடிச்ச மரத்துல சுண்ணாம்புல குறி போட்டிருக்கும். குறி பார்த்துத்தான் ஏறுவாங்க. இது இங்கே நடக்கப் பழகற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மட்டையைக் கையில பிடிச்சிருந்த நேரம் மட்டும் தெரியலை.

நான் ஓடறதுக்குள்ள மாமா மரத்தடியில நின்னார்.

"யார்றா மேல?"

"மாணிக்கனுங்க அய்யா."

"யாரைக் கேட்டு ஏறினே?"

"குறி போட்டிருந்துதுங்களே. வரிசையாப் பன்னெண்டு மரம். குறி மட்டும் புதுசா இருந்துது, புதுக் கான்ட்ராக்டர்னு நெனச்சனுங்க." மேலே இருந்தே இன்னொண்ணும் சொன்னான்: "அய்யா மனசு மாறுனதுல கள்ளு ஷாப்புல எல்லாருக்கும் சந்தோசமுங்க."

மாமா முகம் செவந்துபோச்சு. என் பின்னாலயே ஓடி வந்த எங்க ஊட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீயாடா பேசி முடிச்சே?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்கப்பா." அவர் என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன். மாடு கட்டுத்தறியில இருந்தது, தோப்புல இல்லை.

"மாமா, அது குறி இல்லீங்க. ஆனா ஆவன்னாங்க. பிள்ளைகளுக்காக நாந்தான் எழுதினேன்."

"மரத்துலயா?"

"சிலேட்டைப் பார்த்தா வயிறு வலிக்குதுங்களாம்."

மாமா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். அவர் கண்ணுக்கு அது சுண்ணாம்பு, அவ்வளவுதான். "சாளைச் சாவியைக் கொண்டா"ன்னார். இடுப்புல சொருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு நிஜமாவே வயிறு வலிச்சது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. மரத்து மேல ஒரு ஆள், கீழே மாமா, நடுவுல நான்.

"சாவித்திரி, பாட்டுத்தானே சொல்லச் சொன்னேன்?"

நான் பதில் தேடறதுக்குள்ள, ஆட்டம் ஆரம்பிச்சாச்சுன்னு நினைச்சுப் பிள்ளைகள் சிதறி ஓடிட்டாங்க. மரத்துக்கு ஒண்ணு. சுந்தரன் நேராப் போய் ஈ-யைக் கட்டிப் பிடிச்சான். மாணிக்கன் அதே மரத்துல பாதியில.

"கண்ணு, தள்ளி நில்லுங்க. நான் எறங்கோணும்."

"இது என்ற மரம். நீ வேற எழுத்துக்குப் போ."

மாமா பார்த்துக்கிட்டே இருந்தார். "ஏன்டா, அதென்ன எழுத்து?"

"ஈ, அப்பாரு."

"அந்தா, அது?"

"உ."

மாமா என்கிட்ட மெதுவாக் கேட்டார்: "சரியாச் சொல்றானா?"

"சரிதானுங்க மாமா."

"வயித்துவலி எங்கடா போச்சு?"

சுந்தரன் அதுக்குள்ள ஊ-வுக்கு ஓடிட்டான்.

சாவி பூட்டுக்குப் போகலை, மாமா இடுப்புக்குப் போச்சு. "சாளை இருக்கட்டும். சுண்ணாம்பு ஒரு பொட்டு இருக்கப்படாது"ன்னார்.

தேங்காய் நாரை வெச்சு நானும் எங்க ஊட்டுக்காரரும் கை எரிய எரியத் தேய்ச்சோம். தென்னை மரம் அதை விட்டுக் கொடுக்கலை.

விஷயம் பரவி மத்த ஷாப்பு ஆளுகளும் ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. மாமா கயித்துக் கட்டிலைத் தோப்புலயே போட்டுக் காவல் உட்கார்ந்தார். யாராவது மரத்தை அண்ணாந்து பார்த்தாப் போதும்.

"அது குறி இல்லப்பா. அது 'ஐ'."

"'ஐ'ன்னா எந்த ஷாப்புங்க?"

மாமா பொறுமையா விளக்குவார். சந்தேகம் வந்தா, ஓடிட்டிருக்கற பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டுக்குவார்.

மழை வந்து சுண்ணாம்பைக் கழுவறதுக்குள்ள பன்னெண்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எங்க பாலவாடியில அத்தனையும் படிச்சு முடிச்சது அவர் ஒருத்தர்தான். சுந்தரனுக்கு எ எது ஏ எதுன்னு இன்னும் கட்டிப் பிடிச்சாத்தான் தெரியும்.

ஃ-ஐ மட்டும் மாமா இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கலை. அது எழுத்தே இல்லையாம், ஆட்டுக்கல்லாம்.