ஹாலில் நின்ற படகு

இனி இந்தக் குடும்பம் விடுமுறையைக் கடலில்தான் கழிக்கும் என்று மேலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அறிவித்தார். மனைவியும் ரெண்டு மகள்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

அவர் ஒரு குளிர்பதனக் கிடங்கின் மேலாளர். அங்கே அவர் வந்தால் வாயில் காவலாளி முதல் உறைந்த மீன் வரை எல்லாம் விறைப்பாக இருக்கும். வீட்டில் அவர் பேச்சை மின்விசிறிகூடக் கேட்டதில்லை. படகு என்று ஒன்று வாங்கிவிட்டால் அதற்கு ஒரே ஒரு கேப்டன்தான் இருக்க முடியும் என்று பத்திரிகையில் படித்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுப் படகு கட்டுப்படியாகாது. பழைய பாய்மரப் படகு போதும். சின்னதாக, கரையோரமாகவே ஊர் ஊராகப் போய்வருகிற மாதிரி.

இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் தொழில் நடத்துபவள். ஹாலின் மூலையில் மெஷின், சாப்பாட்டு மேஜையில் வெட்டிய துணி, சோபாவில் பாதி தைத்த சட்டைகள். ஆர்டர் பெருகப் பெருக அவள் கண் மேலாளரின் அறைமேல் விழுந்தது. அதற்கு ஆபீஸ் ரூம் என்று பெயர். ஆபீஸ் வேலை எதுவும் அங்கே நடந்ததாகத் தகவல் இல்லை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஜன்னல், படகுப் பத்திரிகைகள், கதவின் உட்புறம் ஒரு தாழ்ப்பாள். உலகத்தில் அவருக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்தால் தானும் சோபாவில் கிடக்கும் சட்டைகளோடு ஒரு சட்டையாகிவிடுவோம் என்று மனுஷர் உண்மையாகவே பயந்தார். படகுப் பேச்சை எடுத்தால் அறைப் பேச்சு அடங்கும். படகும் வரும், அறையும் தங்கும். இதுதான் திட்டம்.

மனைவி கோபத்தில் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். ரெண்டு பேர் சேமிப்பையும் போட்டால்தான் படகு. அவள் தலையசைக்காமல் எதுவும் நகராது. அவளோ, "போய்ப் பார்க்கலாமே" என்றாள். இன்ச் டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகச் செருப்பை மாட்டினாள்.

துறைமுகத்தில் தரகர் மூன்று படகுகளைக் காட்டினார். முதல் படகில் கால் வைத்தால் தளம் மெத்தைபோல் அமுங்கியது. அது சொகுசுக்காக அல்ல, உள்ளே மரம் ஊறிப்போயிருக்கிறது என்று மேலாளரின் மூத்த மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். இரண்டாவதின் என்ஜின் ஒரு தொடு தொட்டால் கிளம்பும் என்றார் தரகர். அவர் தொட்டார், தட்டினார், கெஞ்சினார், கடைசியில் உதைத்தார். அது இருமிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. மூன்றாவது படகு வெள்ளையாக, ஒல்லியாக, கூர்மையான மூக்கோடு நின்றது. மேலாளர் அங்கேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார். சுக்கானைப் பிடித்துக்கொண்டு தொடுவானத்தைப் பார்த்தார். எதிரே ஐஸ் தொழிற்சாலையின் சுவர்தான் தெரிந்தது. அதையே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

மனைவி கீழே காபினுக்குள் இறங்கி அளந்துகொண்டிருந்தாள்.

"இங்க நிமிர்ந்து நின்னு சமைக்க முடியாதா?"

"குனிஞ்சுதான் மேடம். கடல்ல எல்லாரும் கொஞ்சம் பணிவாத்தான் இருக்கணும்" என்றார் தரகர்.

"கழிவறைக் கதவைச் சாத்தினா முட்டி எங்க போகும்?"

தரகர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்தார். "பொதுவா யாரும் சாத்தறதில்ல."

மேலாளருக்கு எரிச்சல் தலைக்கேறியது. சமுத்திரத்தை வாங்க வந்த இடத்தில் முட்டியைப் பற்றிப் பேச்சா? மேலேயிருந்து குனிந்து குரல் கொடுத்தார். "மனுஷனுக்கு எவ்வளவு இடம்மா வேணும்? படுக்க ஆறடி, உட்கார ஒரு ஓரம். மத்ததெல்லாம் ஆடம்பரம்."

மனைவி டேப்பை நிதானமாகச் சுருட்டினாள். "நல்லா சொன்னீங்க" என்றாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வருகிற சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஹாலில் அந்தப் படகின் அளவுக்குக் கோடு போட்டு, நாலு பேரும் அதற்குள்ளேயே குடியிருக்க வேண்டும். யாரும் கோபப்படாமல் ரெண்டு நாளை ஓட்டிவிட்டால் படகு வாங்கலாம். மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். சொந்த ஹாலில் ரெண்டு நாள் இருப்பது ஒரு பரீட்சையா?

சனிக்கிழமை எழுந்து வந்தால் ஹாலில் சாப்பாட்டு மேஜையைத் தவிர சாமான் ஒன்றும் இல்லை. தரையில் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் வரைந்த ஒரு படகு படுத்திருந்தது. தையல்காரி போட்ட கோடு. ஒரு நூல் பிசகு இல்லை. வாசலுக்கு நகர்த்திய மெஷினையும் துணி மூட்டைகளையும் எங்கே வைப்பது என்று அவள் கையைப் பிசைந்தபடி நின்றாள். மேலாளர்தான் பெருந்தன்மையாக, ரெண்டு நாளைக்கு என் ரூமில் வைத்துக்கொள் என்றார். அவரே ஒரு மூட்டையைத் தூக்கியும் கொடுத்தார்.

படகில் ஏறியதும் தலையில் சுளீர் என்றது. காபின் கூரையின் உயரத்துக்கு மனைவி எலாஸ்டிக் நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தாள். நிமிர்ந்தால் நெற்றியில் அடிக்கும். குனிந்தால் இடுப்பு பிடிக்கும். மேலாளருக்கு ரெண்டும் மாறி மாறி நடந்தது. மூக்குப் பக்கம் முக்கோணப் படுக்கை மகள்களுக்கு. நடுவில் மடக்கு மேஜையும் அடுப்பும் மனைவிக்கு. கேப்டனின் படுக்கை பின்பக்கம், சாப்பாட்டு மேஜைக்கு அடியில். நிஜப் படகிலும் அது ஒரு பொந்துதான், காலை முதலில் விட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும் என்று அளவோடு விளக்கினாள். மனுஷர் வழுக்கினார். தொப்பை வரைக்கும் பிரச்சினையில்லாமல் போனார்.

சின்ன மகள் நீதிபதி. கோட்டுக்கு வெளியே கால் பட்டால், "அப்பா, தண்ணில விழுந்துட்டீங்க" என்பாள். உடனே பெரியவள் துண்டைக் கொண்டுவந்து தலையைத் துவட்டுவாள். பேப்பர் எடுக்கப் போய் விழுந்தார், கண்ணாடி எடுக்கப் போய் விழுந்தார், கொட்டாவி விட்டுக் கையை நீட்டியதில் ஒருமுறை விழுந்தார். குளியலறைக்குக் கரையிறங்கிப் போக அனுமதி உண்டு. ஆனால் படகுக் கழிவறையில் கையால் பம்ப் அடித்துத்தான் தண்ணீர் விடவேண்டுமாம். அதற்காக வாசலில் சைக்கிள் பம்ப் வைத்திருந்தார்கள். அடித்து முடித்தால்தான் திரும்பப் படகில் சேர்த்துக்கொண்டார்கள்.

மற்ற மூவரும் ஏதோ பிக்னிக் வந்ததுபோல் இருந்தார்கள். சீட்டு விளையாடினார்கள். அவர்களுக்குக் குனியவும் தெரிந்திருந்தது, ஒதுங்கவும் தெரிந்திருந்தது. மேலாளர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். கோபப்பட்டால் படகு போச்சு. ஞாயிறு மதியம் முழங்கையில் சூடான டீ கொட்டியபோதுகூட, "பரவாயில்லம்மா, நல்ல டீ" என்றார். அவருடைய அறைக் கதவு எதிரிலேயே இருந்தது. உள்ளே இருந்த சாய்வு நாற்காலியின் ஞாபகம் விடாமல் வந்தது. படகு வேண்டும் என்ற ஆசை எந்த நேரத்தில் தன்னை விட்டு இறங்கிப் போனது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அதை வாயைத் திறந்து சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

ஞாயிறு மாலை மனைவி நாடாக்களை அவிழ்த்தாள். யாரும் கோபப்படவில்லை என்று சின்னவள் தீர்ப்புச் சொன்னாள்.

"ஜெயிச்சுட்டீங்க. தரகருக்கு இப்பவே ஃபோன் போடலாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த இடம் நமக்குப் போதும்தானே?" என்றாள் மனைவி.

"தாராளமா" என்றார் மேலாளர், முதுகைப் பிடித்துக்கொண்டே.

"நாலு பேருக்கு இது தாராளம்னா, ஒருத்தருக்கு மட்டும் எதுக்குங்க தனியா ஒரு ரூம்?"

மேலாளருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. போதும் என்றால் அறை போகும். போதாது என்றால் படகு போகும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. ஆனால் அவர் என்ன சின்னப் பிள்ளையா? இவ்வளவு பெரிய கிடங்கை நடத்துகிறவர். படகுதான் எப்படியும் வேண்டாமே. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அறையைக் காப்பாற்றிக்கொண்டால் அவள் போட்ட கணக்கு அவளுக்கே திரும்பிவிடும். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"யோசிச்சுப் பார்த்தா போதாதும்மா. எனக்குப் பரவாயில்ல. உனக்கும் பிள்ளைங்களுக்கும்தான் கஷ்டம். உங்களுக்காகப் படகை விட்டுடறேன்."

"நிஜமாவா?"

"மனுஷன்னா கைகால நீட்ட நாலு சுவர் வேணும்மா."

மனைவி ரொம்ப நேரம் வருத்தப்படவில்லை. உங்கள் இஷ்டம் என்றாள். அறை உங்களுடையதுதான், யார் இல்லை என்றது என்றும் சேர்த்துச் சொன்னாள். மேலாளர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து அறைக் கதவின் பிடியில் கை வைத்தார். வாசல் மணி அடித்தது.

வெளியே ஒரு டெம்போ நின்றது. அதிலிருந்து ஆலைகளில் ஓடுகிற மாதிரி ஒரு பெரிய தையல் மெஷினும், துணி வெட்டும் மேஜை ஒன்றும் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த மேஜையில் படகையே படுக்கப் போடலாம்.

"இது எப்ப சொன்னது?" என்றார் மேலாளர்.

டிரைவர் வியர்வையைத் துடைத்தார். "போன ஞாயித்துக்கிழமையே அம்மா ஃபோன் பண்ணிட்டாங்க சார். பின்னாடி ஒரே காத்துச் சத்தம். படகுல நிக்கறேன், சீக்கிரம் எழுதிக்குங்கன்னாங்க. பணத்தையும் அப்பவே போட்டுட்டாங்க. அந்த ஆபீஸ் ரூம் கதவோட அகலத்தை மட்டும் ரெண்டு தடவை சொன்னாங்க."

மேலாளர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சாய்வு நாற்காலியை ஏற்கெனவே ஹாலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கனம் சார், அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றார் டிரைவர்.

மேலாளர் பிடித்தார்.