டபுள் விசிலும் இடதுபக்கச் சக்கரமும்

தென்காசியில் கார் வைத்திருந்த ஒருவரையும் டபுள் விசில் அண்ணாச்சி நிம்மதியாக இருக்க விட்டதில்லை. ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற வண்டியில் ஏறுவார். "பின்னால ஒரு உறுமல் கேக்குதே, கவனிச்சியளா?" என்பார். இறங்கிப் போய்விடுவார். வண்டிக்காரருக்கு அன்றோடு தூக்கம் போச்சு. எங்கள் தெரு வக்கீல் ஒருவர் அந்த உறுமலைத் தேடி ஒரு மழைக்காலம் முழுக்க ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைந்தார். கடைசியில் காரை விற்றுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். பஸ்ஸிலும் அவருக்குக் கேட்டதாம்.

டபுள் விசில் மெக்கானிக் இல்லை. கார் ஓட்டவும் தெரியாது. தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கோட்டைக்கு மேலே மலைப்பாதையில் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே ஆயுசில் பாதியைக் கழித்ததால், வண்டிக்கு என்ன சுகக்கேடு என்பது அவருடைய உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடுமாம். இதை அவரேதான் சொல்லிக்கொள்வார். தன்னடக்கம் என்ற சாமானே அவரிடம் கிடையாது. பாதி நேரம் அவர் கணிப்பு தப்பும். தப்பினால், வண்டி பொய் சொல்லுகிறது என்பார்.

நான் அவரிடம் போனது வேறு வழியில்லாமல்தான். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்து வைப்பார்கள், மாற்று டவுசரை மட்டும் மறந்துவிடுவார்கள். அந்த மறதியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. வீட்டில் தைத்த டவுசர்களை மூட்டை கட்டி, ஐந்தருவிக் கடைகளில் கொண்டுபோய்ப் போடுவேன். மூட்டை தூக்க ஆள் கிடையாது, கார்தான். என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தபோது பணம் அனுப்பி, தன் தம்பி பெயரில் வாங்கிப்போட்ட பழைய கார். மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி என்னிடம் இருந்தது. வண்டியின் ஆர்.சி. புக்கில் என் கொழுந்தன் இருந்தார்.

அந்தக் காரில்தான் சத்தம் வந்தது. வேகம் கூடக் கூட 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல், காலடியில் ஓர் அதிர்வு. கொழுந்தன் ஒரே வார்த்தையில் முடித்தார். "பழைய இரும்புக்குப் போட்டுருங்க மதினி. பொம்பளை ஓட்டுனா கியர்பாக்ஸு அப்படித்தான் ஆவும்."

ஒர்க்‌ஷாப்காரர்களும் ஓட்டிப் பார்க்காமலே, "கியர்பாக்ஸை இறக்கணும்க்கா" என்றார்கள். நான் கேள்வி கேட்டால் பதில் என் தலைக்கு மேலே இருந்த சுவருக்குப் போகும். ஒருவன், "வீட்டுல ஆம்பளை யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க" என்றான். "ஆம்பளை மாலையோட சுவத்துல தொங்குதாரு, தூக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

டபுள் விசில் வந்தார். முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். "அது டிரைவரோட பேச்சுத்துணைக்கு வாரவன் உக்காருத இடம்" என்று பின்னால் ஏறினார். செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் பதித்தார். சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். ஒன்று அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும். பேசக் கூடாது, ரேடியோ கூடாது, பெருமூச்சுகூடக் கூடாது.

"என்ன அண்ணாச்சி, மூச்சு விடலாமா?"

"வண்டி நின்ன பொறவு விடு."

பண்பொழி சாலையில் ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தது. அதன் பின்னால் நாங்களும் நின்றோம். இவர் வழக்கம்போல இரண்டு விசில் கொடுத்தார். நான் கிளப்புவதற்குள் அந்த பஸ் கிளம்பிப் போய்விட்டது. அதன் கண்டக்டர் டீ கிளாசோடு கடையிலிருந்து ஓடிவந்து நடுரோட்டில் நின்றார். "எவம்லே விசில் அடிச்சது?" என்று அவர் கத்த, டபுள் விசில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டூட்டி நேரத்துல டீ குடிச்சா இப்படித்தாம்லே" என்றார். அந்த ஆளை நான்தான் ஏற்றிக்கொண்டு போய் பஸ்ஸைத் துரத்திப் பிடித்து விட வேண்டியதாயிற்று. வழி நெடுக எனக்குத்தான் திட்டு.

ஒருவழியாக வடகரைப் பக்கம் வெறிச்சோடிய ரோட்டில் சோதனை தொடங்கியது. வேகம் எடுத்து, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார். இன்ஜின் இரைச்சல் அடங்கியது. உறுமல் அடங்கவில்லை.

"கியர்ல இல்லாதப்பவும் கத்துதுன்னா கியர்பாக்ஸை எதுக்கு இறக்கணும்? சக்கரத்துல இருக்கு. வலப்பக்கமா வளைச்சு ஓட்டு."

வளைத்தேன். பாரம் இடதுபக்கம் சாய்ந்ததும் உறுமல் கூடியது. இடப்பக்கம் வளைத்தால் குறைந்தது.

"முன்னால இடதுபக்க வீல் பேரிங். போ, மாத்து. அப்புறம், நீ கியர் மாத்துதது மாவு பிசையுத மாதிரி இருக்கு. அதையும் மாத்து."

நன்றி சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன்.

பேரிங்கை மாற்றியதும் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. நான் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. அந்த வாரமே கொழுந்தன் ஒரு சீப்பு பழத்தோடு வந்தார். அண்ணன் செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வெறுங்கையோடு வந்த ஆள்.

"வண்டி இப்ப ஜம்முனு ஓடுதாம்லா மதினி? சீசனுக்கு வாடகைக்கு விடலாம்னு பாக்கேன். புக்குலயும் நம்ம பேருதான. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிடுதேன்."

உறுமினால் எனக்கு, ஓடினால் அவருக்கு. நல்ல பங்கீடு! அவர் போனதும் நேரே டபுள் விசில் வீட்டுக்குப் போய், "உம்ம யாரு சரியாக் கண்டுபிடிக்கச் சொன்னா?" என்று கத்தினேன். அழுகையும் வந்து தொலைத்தது. அவர் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். அவிழ்த்தால் கூழாங்கற்கள். இடதுபக்கச் சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்து, கற்களை உள்ளே போட்டு, திரும்ப மாட்டினார். ஒவ்வொரு கல்லுக்கும், தன் உள்ளங்காலிலேயே குத்தியது மாதிரி அவர் முகம் சுளித்தது.

கொழுந்தன் வந்து வண்டியை எடுத்தார். தெருமுனை வரை போவதற்குள் கடகடவென்று தகரக் கொட்டகை சரிகிற சத்தம். தெரு நாய்கள் எழுந்து நின்றன. வெளிறிப்போய்த் திரும்பி வந்தவர், "என்ன அண்ணாச்சி இது?" என்று ஊரறிந்த நிபுணரிடமே கேட்டார்.

தப்பாகச் சொல்லியிருக்கிறாரே தவிர, டபுள் விசில் அதுவரை பொய் சொன்னதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கியர்பாக்ஸு போச்சு தம்பி. இந்தா அந்தான்னு இருக்கு. மலைப்பாதையில ஆளை ஏத்திக்கிட்டுப் போவும்போது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, புக்குல எவன் பேரு இருக்கோ அவனைத்தான் தேடி வருவாங்க."

மறுநாளே கொழுந்தன் என்னை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வரவழைத்து, பெயர் மாற்றக் கையெழுத்துப் போட்டார். "உங்களுக்கு விட்டுக் குடுக்கேன் மதினி" என்று பெருந்தன்மை வேறு.

புக் என் பெயரில் வந்ததும், "கல்லை எடுத்துருவோமா அண்ணாச்சி?" என்றேன்.

"அவன் காது இன்னும் இங்கனயேதான் சுத்துது. கொஞ்ச நாள் கிடக்கட்டும்."

இன்றும் கிடக்கிறது. ஐந்தருவிக்கு மூட்டை ஏற்றும் நாளெல்லாம் அவரும் வந்து பின்னால் ஏறிக்கொள்கிறார், மூட்டை இறக்க. தெருவைத் தாண்டும்வரை கற்கள் உருண்டு கடகடக்கும். கண்ணாடியில் பார்ப்பேன். ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். மெயின் ரோட்டில் வேகம் எடுத்தால் கற்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சத்தம் நின்றுவிடும். அதனால் மெயின் ரோடு வந்ததுமே அழுத்தி மிதித்துவிடுகிறேன். கண்ணைத் திறந்த மறு நிமிஷம், "கியரை மாத்துத லட்சணத்தைப் பாரு" என்று ஆரம்பித்துவிடுவார்.

அவரை எனக்குப் பிடிக்காது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் பிறந்த வீட்டில்கூட எனக்காக ஒருத்தரும் இவ்வளவு சகித்துக்கொண்டதில்லை.